இறந்த ராஜா திரும்பி வந்த புத்தகம்

ஏரவாடாப் பாலத்தின் பாதியில் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். திரும்பினால் நான் குடியிருந்த வரிசை வீடுகளின் தகரக் கூரை தெரியும். திரும்பவில்லை.

அங்கே என் பக்கத்து வீட்டு அக்கா பூனாவிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. லாரி ஓட்டப் போன புருஷன் இரண்டு மழைக்காலமாக வரவில்லை. ஊரின் மறுகோடியில், நிக்டியிலிருந்த அவள் அண்ணன் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். புருஷன் வரும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாதென்று இவள் போகவில்லை.

மூட்டை தூக்கிவிட்டு வந்து, சாயங்காலங்களில் அவளுக்கு ஒரு சரித்திரத் தொடர்கதை படித்துக் காட்டுவேன். வாரப் பத்திரிகையிலிருந்து அவள் அம்மா கிழித்துச் சேர்த்தது. பூனாவின் கேம்ப் கடைத்தெருவில் ஒரு மராத்திக்காரர் அதை பைண்டு செய்திருந்தார். அத்தியாய எண்கள் தமிழ் எழுத்தில் இருந்ததால், அவர் பத்திரிகையின் பக்க எண்படி அடுக்கிவிட்டார். கதையோ ஒரு வாரம் பத்தாம் பக்கத்தில் வரும், இன்னொரு வாரம் நாற்பதில். ராஜா போரில் சாவார், ராணி அழுது ஓய்வாள்; அடுத்த தாளில் அவரே குதிரையில் வந்து அவளைக் கேலி செய்வார்.

"பாரு, வந்துட்டாரு!" அக்கா கை தட்டுவாள். "செத்துட்டேன்னு சும்மா சொல்லி அனுப்பிருப்பாரு. ஆம்பளைங்க புத்தி!"

"பைண்டர் மாத்தி அடுக்கிட்டாருக்கா."

"பெரிய கண்டுபிடிப்பு. படி தம்பி."

அழுகைக்குப் பின் ஆசை, அதற்குப் பின் கோபம், மறுபடி நம்பிக்கை. அவளுக்கு அதில் குழப்பமே இல்லை. அவள் மனசும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. எந்தச் சரித்திரக் கதையும் அதன்பிறகு எனக்கு அவ்வளவு உண்மையாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்: "சரி, உன் வரிசையிலயே படி. கேட்டுடறேன்."

தாள் தேடித் தேடிப் படித்தேன். முதலில் காதல், பிறகு காத்திருப்பு, கடைசியில் சாவு.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

அந்த வாரமே அவள் சொல்லியனுப்பி, அண்ணன் டெம்போவோடு வந்தார். பாத்திரங்களை நான்தான் ஏற்றினேன். புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "நீயே வெச்சுக்க தம்பி. அங்க யாரு படிச்சுக் காட்டப் போறாங்க?"

நானும் நிக்டிக்கு வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது வரவில்லை. டெம்போ போனதும் என் அறையையும் காலி செய்துவிட்டுப் பாலத்தின் பக்கம் நடந்தேன்.

மறுநாள் காலை, வெறுங்காலோடு கேம்ப்பில் அந்த பைண்டர் கடையைத் தேடிப்பிடித்து வேலை கேட்டேன். தமிழ் படிப்பாயா என்று இந்தியில் கேட்டார். தலையாட்டினேன். யாரோ கொடுத்துவைத்திருந்த தமிழ்த் தொடர்கதைக் கட்டை என் பக்கம் தள்ளினார். தரையில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைத் தேட ஆரம்பித்தேன்.