சம்பங்கிக்கு வார்டு முழுக்கச் சொந்தம்

என் அம்மா சம்பங்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், "மகராசி, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா" என்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிர்ந்து பேச மாட்டாளா? ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தண்ணீர்க் குழாய்க்குப் போனவர்கள் யாருமில்லை. அவள் பிடிவாதக்காரி, கோபக்காரி. தேவைப்பட்டால் கண் இமைக்காமல் பொய்யும் சொல்வாள். அதை அப்படியே சொன்னால்தான் அவளுக்கு மரியாதை. செத்துப்போனவர்களை எல்லாம் சாதுவாக்கிப் படத்தில் மாட்டிவிடுவது எனக்குப் பிடிக்காது.

மாதாகோயில் பக்கத்தில் நடந்த சாயங்கால வகுப்பில் அம்மா எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். வகுப்பு பாதியில் நின்றுபோனது. அவள் நிற்கவில்லை. பஜாரில் துளசிராமன் செட்டியார் கடையில் பருப்பு வாங்கினால், பொட்டலம் கட்டிய தாளைப் பிரித்துக் கையால் நீவிப் படித்துவிட்டுத்தான் பருப்பை உலையில் போடுவாள். கதை பாதியில் அறுந்துபோனால் மீதித் தாள் எங்கே என்று கடைக்கே போய்ச் சண்டை பிடிப்பாள்.

"பருப்புல கல்லு இருந்தா கேளும்மா. கதை பாதிதான் கீதுன்னு கேட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்பார் செட்டியார். ஆனாலும் அடுத்த தடவை அவளுக்கென்று பழைய கட்டிலிருந்து முழுப் பத்திரிகை ஒன்றை எடுத்து வைத்திருப்பார்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பா கங்காதரனுக்கு, படிக்கத் தெரியாது. சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிற வேலை அவருக்கு. ஆனால் வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராக ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போய், மெட்ராஸிலிருந்து பங்காரப்பேட்டை வழியாக ரயிலில் வரும் வாரப் பத்திரிகையை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். அவர் சாப்பிடச் சாப்பிட அம்மா தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பாள். கதை முடிந்ததும் வாராவாரம் வந்த பக்கங்களை எல்லாம் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். சும்மா கொடுக்க மாட்டாள். கை கழுவினாயா, போன புத்தகத்தில் எண்ணெய்க் கறை யாருடையது, குழந்தை கிழித்தால் குழந்தையை அடிப்பாயா உன்னையே அடித்துக்கொள்வாயா என்று விசாரணை நடக்கும்.

அவள் கொடுத்தது எல்லாமே அப்படித்தான். ஸ்டிரைக் நடந்தபோது பக்கத்து வீட்டுத் தங்கம்மா வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா ஒரு கூடை கேழ்வரகு மாவை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு, "திருப்பிக் குடுக்கறேன்னு வந்து நின்னே, மூஞ்சி மேல கதவைச் சாத்திடுவேன்" என்று கத்தினாள். தெருவே கேட்டது. தங்கம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் நைனா படுத்துவிட்டார். கல் தூசி நெஞ்சில் படிந்து வருகிற நோய். சுரங்கத்துக் கூண்டான கேஜில் அத்தனை ஆழம் இறங்கி ஏறிய மனுஷனுக்குக் கட்டிலை விட்டு இறங்க மூச்சு வாங்கியது. மேட்டின் மேல் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வார்டில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அதே நோய்தான். வியாழனும் ஞாயிறும் சாயங்காலம் சொந்தக்காரர்கள் பார்க்கலாம். அம்மா பத்திரிகையோடு போவாள். நைனாவுக்குத்தான் படித்தாள், ஆனால் அவள் தொண்டைக்கு வார்டு போதாது. கடைசிக் கட்டில்வரை கேட்கும்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர்கதையில் மரகதம் என்று ஒரு பெண். அவள் அப்பாவின் நிலத்தை ஜமீன்தார் பிடுங்கிக்கொள்கிறார். எந்த வக்கீலும் வழக்கை எடுக்கவில்லை. அவளே கோர்ட்டில் நின்று வாதாடுகிறாள். வார்டில் படுத்திருந்தவர்களில் பாதிப் பேருடைய தாத்தாக்கள் வடாற்காட்டில் நிலத்தை இழந்துவிட்டு மைனுக்கு வந்தவர்கள். ஜமீன்தார் வாயைத் திறந்தால் வார்டில் நாலு பேராவது திட்டுவார்கள். திட்டியதற்கு இருமலும் வரும். சிஸ்டர் ஓடி வருவார்.

ஒரு திங்கட்கிழமை நைனா போய்விட்டார்.

எனக்கு அப்போது கல்யாணமாகிப் பக்கத்துச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில் இருந்தேன். சாவுக்கு வந்தவள் அம்மாவோடேயே தங்கிவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் பார்த்தால் அம்மா முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். தாலி அறுத்த பெண் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. நைனாவின் அக்கா வெங்கடம்மா அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கேடி கிளம்பிட்டே? ஊரு இன்னா பேசும்?"

"ஸ்டேஷனுக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு. ஊரு பேசறதைக் கேட்டு வையுங்க அண்ணி, வந்து கேட்டுக்கறேன்."

அத்தை நகரவில்லை. அம்மா பின்கட்டு வழியாகப் போனாள். நான் செருப்பைக் கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன்.

ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் தயங்கினான். "உங்க ஆளுதான் போய்ட்டாரேம்மா. இன்னும் யாரைப் பாக்கணும்?"

"எங்க சின்ன மாமனாரு உள்ள கீறாரு. முனியப்பன்."

முனியப்பன் நைனாவுக்கு அடுத்த கட்டில்காரர். சின்ன வயதில் தனி ஆளாக மைனுக்கு வந்தவர். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அவரைப் பார்க்க ஒரு நாளும் ஒருவரும் வந்ததில்லை. எங்களுக்கும் அவருக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாட்ச்மேன் போய் வார்டு கிளார்க் வாசுவை அழைத்து வந்தான். வாசு கெட்டவர் இல்லை. விதி என்றால் விதி என்கிற ஆள். அது இன்னும் மோசம்.

"வாங்க, அவரையே கேட்டுடலாம்" என்று எங்களை உள்ளே கூட்டிப் போனார். அம்மா வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "முனியப்பன், இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

முனியப்பன் அம்மாவைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். "என் அக்கா பொண்ணு சார்" என்றார்.

வாசுவின் முகம் மலர்ந்தது. "அக்கா பொண்ணா? வாசல்ல சின்ன மாமனார்னு சொன்னாங்களே?"

முனியப்பன் இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டார்.

"ஆமா சார். எங்க அக்கா பொண்ணைத்தானே எங்க அண்ணன் மகனுக்குக் கட்டி வெச்சோம். அப்போ நான் அதுக்கு இன்னா வேணும்? தாய்மாமனும் நான்தான், சின்ன மாமனாரும் நான்தான். நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க."

வாசு கணக்குப் போட்டார். அதில் தப்பே இல்லை. நம் ஜனங்களில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் மாமனே மாமனாராக இருப்பார், அத்தையே மாமியாராக இருப்பாள். வாசுவே மாமன் மகளைக் கட்டியவர்தான். அவர் என்ன சொல்லி மறுப்பார்?

அதற்குள் மற்றவர்களுக்குத் தெம்பு வந்துவிட்டது. "எனக்குத் தங்கச்சி சார்" என்றார் எதிர்க் கட்டில் ஏனோக்.

"நீங்க கிறிஸ்டியன்."

"எங்க தாத்தாதான் சார் ஞானஸ்நானம் வாங்கினாரு. தங்கச்சி முறை எங்க போவும்?"

மூலைக் கட்டிலில் இருந்த கிழவர், அம்மாவுக்கு அப்பா வயது இருக்கும், "எனக்குச் சின்னம்மா" என்று ஒரு போடு போட்டார். வாசு தலையில் கை வைத்துக்கொண்டார். "முறைக்கு வயசு இன்னாத்துக்கு சார்?" என்றார் கிழவர்.

கடைசியாக ஜன்னலோரம் ஆர்தர். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர்; சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர். வாசு அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குமா சொந்தம்?"

"நோ" என்றார் ஆர்தர். அவர் எங்கள் தமிழிலேயே தொடர்ந்தார். "எனக்கு சொந்தம் இல்லே. என் சொந்தக்காரங்க எல்லாம் கப்பல் ஏறிப் போய்ட்டாங்க. என்னைப் பாக்க வர்றது இவங்க ஒருத்தங்கதான்."

வாசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "சரிம்மா, சொந்தம்னு சொல்லிட்டீங்க. சொந்தம்னா எல்லாத்துக்கும் சொந்தம். ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்கு ஞாபகம் ஜாஸ்தி சார்" என்றாள் அம்மா. நைனாவின் காலிக் கட்டிலைப் பார்க்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள். மரகதம் வாதாடி முடித்திருந்தாள். அடுத்த வாரம் தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனபோது முனியப்பனுக்கு உட்கார முடியவில்லை. புதிய பத்திரிகை வர வியாழன் ஆகும். அம்மா பழைய வாரத்தையே இன்னொரு தடவை படித்தாள். முனியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பங்கி, தீர்ப்பு இன்னா ஆச்சு? ஜெயிச்சுட்டாளா?"

"தெரியாது மாமா. வியாழக்கிழமை வரும். அதுவரைக்கும் இருங்க."

"இருந்தாதானே."

"இருங்கன்னா இருங்க."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஜெயிச்சுட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்துபோயிடுமா? சாவற மனுஷன் கேக்கறாரு. வாசுகிட்ட அத்தனை பொய் சொன்னியே?"

"கதையில நான் பொய் சொல்ல மாட்டேன் சகுந்தலா. எழுதாததைப் படிச்சேன்னா அப்புறம் நான் படிக்கறதை எவன் நம்புவான்?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்று, "வாசுகிட்ட சொன்னது பொய்யுன்னு யாருடி சொன்னா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரி ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "உங்க மாமா போய்ட்டாரு. சொந்தக்காரங்க வந்து எடுத்துக்கணுமாம். இல்லேன்னா ஆஸ்பத்திரியே புதைச்சுடுமாம். வாசு சார் கேட்டுகினு வரச் சொன்னாரு."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "என் தம்பி காரியமே இன்னும் ஆவலே. யாரு எவருன்னு தெரியாத பொணத்தை இந்த வாசலுக்குக் கொண்டாருவியா? விட்டுத் தொலை. அவன் யாருடி உனக்கு?"

"என் மாமா" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். முனியப்பனை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தாள். நைனாவுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்த வீட்டு முன்னாலேயே அவரைக் குளிப்பாட்டி, நைனாவின் புது வேட்டியைக் கட்டிவிட்டாள். தங்கம்மாவின் புருஷன் இன்னும் மூன்று பேரைத் திரட்டி வந்து தூக்க நின்றான். ஆனால் முன்னால் தீச்சட்டி எடுத்துப் போக யாருமில்லை. ரத்த சொந்தம் இல்லாதவனுக்கு நாங்கள் எப்படி எடுப்பது என்று பங்காளிகள் ஒதுங்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம்.

அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டாள். தெருமுனையில் நிற்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, அவள் முகத்தைப் பார்த்தவர்கள் தடுக்க மாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவள் பின்னால் நானும் போனேன். இடுகாட்டில் குழிக்குள் மண் தள்ளும்போது, "மாமா, தீர்ப்பு வியாழக்கிழமை. வந்து சொல்றேன்" என்று சுரங்க ஷாப்ட்டுக்குள் கூப்பிடுவதுபோல் கத்தினாள்.

வியாழக்கிழமை மழை. ஸ்டேஷனில் பத்திரிகையை வாங்கினாள், பிரிக்கவில்லை. நேராக இடுகாட்டுக்குப் போய், மண்மேட்டுப் பக்கத்தில் நின்று, நான் குடையைப் பிடிக்கப் படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள். மரகதம் தோற்றுவிட்டாள். நிலம் ஜமீன்தாருக்கே என்று தீர்ப்பு.

எனக்கு அழுகை வந்தது. அம்மா பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தோத்துட்டா மாமா. ஆனா ஊரை விட்டுப் போவலே. அப்பீல் போறாளாம்" என்றாள். அப்போதுதான், நைனா செத்ததற்குக் கூட எங்கள் முன்னால் அழாதவள், கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "வாடி, நேரமாச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேனோடு வாசு நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் காலில் முழங்கால்வரை சேறு. அவர் அதைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ஊரே அதைத்தானே பேசிக்கொண்டிருந்தது. ஆனாலும் விதியை விடவில்லை.

"முனியப்பன்தான் இல்லையேம்மா. இனிமே யாரைப் பாக்கணும்?"

"மீதிச் சொந்தக்காரங்களை" என்றாள் அம்மா.

வாசு தானே கேட்டைத் திறந்துவிட்டார்.