தாத்தாவுக்கு வந்த சாரம்

நான் மாடு வரைகிறவன். குதிரையும் வரைவேன், ஆடும் கோழியும் வரைவேன். ஆனால் மாத்தளையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் 'மாட்டுப் படக்காரர்'தான். பால் கடைப் பலகைகளில் தொடங்கிய கை. இப்போது சீகிரியாப் பக்கத்து ஹோட்டல்கள் வயலோடு எருமை, குளக்கரையில் குதிரை என்று கேட்டு வாங்குகின்றன. அல்லாஹ் கொடுத்த பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன்.

குதிரைதான் என்னைப் படாத பாடு படுத்தியது. சவாரிக்கு வைத்திருந்த ஒரு ஹோட்டல் குதிரையை முதன்முதலில் வரைந்தபோது, அங்கே நின்ற த்ரீவீல்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பசு, எவ்வளவு பால் கறக்கும்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. மாட்டோடு வளர்ந்த கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் மாடாகத்தான் தெரியும்.

மாட்டோடு வளர்ந்தவன் என்பது சும்மா பேச்சில்லை. உம்மாவும் வாப்பாவும் அடுத்தடுத்து மௌத்தாகி, தாய் தகப்பன் இல்லாமல் நின்றபோது நான் சின்னப் பிள்ளை. என்னை வளர்த்தது தாத்தா. எங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. இரண்டு பசுக்களைக் கறந்து, வீடு வீடாகப் பால் ஊற்றி என்னை ஆளாக்கினார். மாட்டுக்கு எந்த எலும்பு எங்கே தூக்கி நிற்கும், படுத்த மாடு எந்தக் காலை முதலில் ஊன்றி எழும்பும் என்பதெல்லாம் அவருடைய தொழுவத்தில் சாணி அள்ளியபோது என் கண்ணில் ஒட்டிக்கொண்டவை. இன்றும் நானும் மனைவியும் அவருடைய வீட்டில்தான் இருக்கிறோம். நான் சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்திலும் அவர் இருக்கிறார்.

ஆனால் என் படம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. உயிருள்ளதை வரையக் கூடாது, வரைந்தவனை மறுமையில் நிறுத்தி, வரைந்ததற்கு உயிர் கொடு என்று கேட்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அதற்காக வரையாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் வாதாடியதில்லை. பின்னறையில் வரைவேன். வேலை முடிந்ததும் படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன். தேத்தண்ணி கொண்டுவந்தால் வாசலிலேயே நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கோப்பையை இந்தப் பக்கம் நீட்டுவார். ஒரு சொட்டுச் சிந்தாது. எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு படத்தையாவது அவர் பார்க்க வேண்டும். ஹோட்டல்காரர்கள் ஆயிரம் சொல்லட்டும், மாடு தெரிந்த கண் அவருடையதுதானே.

வில்கமுவையில் ஓர் எருமையை வரையப் போயிருந்தேன். ஒரு கொம்பு பின்னால் வளைந்து, மற்றது கன்னத்தைத் தொடும்படி கீழே இறங்கிய எருமை. சொந்தக்காரர் சிங்கள விவசாயி. நான் வரைந்து முடிக்கும்வரை வயல் வரம்பில் குந்தியிருந்தார். பேச்சுவாக்கில், "தாத்தா என் படங்களைப் பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டேன். பேசியது முழுக்கச் சிங்களம். அந்தச் சொல் மட்டும் எப்போதும் வீட்டிலிருந்தே என் வாய்க்கு வந்துவிடும். சிங்களத்திலோ தாத்தா என்றால் அப்பா. பெற்ற தகப்பனே பார்க்காவிட்டால் எப்படி என்று அவர் உச்சுக்கொட்டியதை நான் காதில் வாங்கவில்லை.

சில மாதங்கள் போயின. ஒரு காலையில் அந்த எருமைக்கார மனிதர், மாட்டுப் படக்காரர் வீடு எது என்று விசாரித்து வந்து எங்கள் வாசலில் நிற்கிறார். ஒரு கையில் தயிர்ச் சட்டி, மறு கையில் கடைப் பையோடு, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் புதுச் சாரம் ஒன்று.

"தாத்தா எங்கே?" என்றார்.

முக்காட்டை இழுத்துவிட்டபடி தாத்தா வெளியே வந்தார். மனிதர் அவரைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் திக்கித் திணறி விளக்கியதும் முதலில் சிரித்தது தாத்தாதான். "இவனுக்கு நான் வாப்பாவும்தானே, தாங்க" என்று சிங்களத்தில் சொல்லிச் சாரத்தை வாங்கிக்கொண்டார்.

வந்த காரியம் பிறகுதான் தெரிந்தது. அந்த எருமை பாம்பு தீண்டிச் செத்துப்போனதாம். அவருடைய போனில் இருப்பது அதன் முகம் மட்டும் மங்கலாகத் தெரிகிற ஒரு போட்டோதான். உங்களிடம் முழுதாக இருக்குமே, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

பின்னறைக்குக் கூட்டிப்போய்ப் படத்தைத் திருப்பினேன். ஹோட்டலுக்குச் சொல்லியிருந்த படம், வர்ணம் காய்ந்து தயாராக இருந்தது. அவர் கையை நீட்டிக் கொம்புவரை கொண்டுபோனார், தொடாமல் எடுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்ற தாத்தா, அவருக்குப் பேச்சு வரட்டும் என்றோ என்னவோ, எத்தனை கன்று போட்டது, கடைசிக் கன்று பிழைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் படத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"தம்பி, அதை அவருக்கே குடுத்துரு" என்றார் தாத்தா, என்னிடம் தமிழில்.

"ஹோட்டலுக்குச் சொன்னது தாத்தா."

"ஹோட்டலுக்கு வேற எருமை கிடைக்காதா? இவருக்குக் கிடைக்குமா?"

பஸ்ஸில் கொண்டுபோக வேண்டுமே, எதில் சுற்றுவது என்று யோசிக்கும்போது தாத்தா தன் கட்டில் விரிப்போடு அறைக்குள் வந்தார். இத்தனை வருடத்தில் படம் முகம் காட்டி நிற்கும்போது அவர் அந்த வாசற்படியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். தடவித் தடவி விரிப்பைப் போர்த்தி, நாலு மூலையையும் மடித்து, கன்றுக்குட்டியைக் குளிருக்குச் சுற்றுவதுபோலச் சுற்றினார். கண்ணைத் திறங்க தாத்தா என்று என் வாய்வரை வந்தது. ஒரு முழம்கூட இல்லை, எருமையின் முகம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. முடிச்சுப் போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

மனிதரை பஸ் ஏற்றிவிட்டு வந்து கேட்டே விட்டேன்.

"ஒருக்கா பார்த்திருந்தா என்ன தாத்தா?"

தயிரைக் கோப்பைகளில் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எனக்குப் பார்க்க ஏலாது தம்பி. ஆனா மறுமையில உன்னைக் கேக்கிற நேரம் நான் பக்கத்துல வந்து நிப்பேன். இவனை வளர்த்தது நான், தடுக்காம விட்டதும் நான், என்னைக் கேளுங்கன்னு சொல்லுவேன்."

மறுமையில் ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்பது குர்ஆன் வாக்கு. சின்ன வயதில் எனக்கு அதை ஓதிக் கொடுத்ததே தாத்தாதான். தெரிந்துதான் சொன்னார்.