கேட்டு வாங்கினால் வராத கொடி

நான் அறிவியல் டீச்சர். தண்டை வெட்டி நட்டுச் செடி வளர்ப்பது எப்படி என்று பல வருடங்களாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தி வருகிறேன். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும், பாதி இலையைக் கிள்ளிவிட வேண்டும், ஈர மண்ணில் ஊன்ற வேண்டும். கரும்பலகையில் நான் நட்ட தண்டு ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. பச்சை சாக்பீஸ் தீரும்வரை தழைக்கும். மண்ணில் நட்டால் மட்டும் ஒரு வாரம் தாங்காது.

அப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. கள்ளக்குறிச்சியில் காலை பஸ் பிடித்து, கச்சிராயப்பாளையம் தாண்டி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் வருவேன். எங்கள் கணக்கு டீச்சருக்கு அந்த அவஸ்தை இல்லை. சொந்த ஊர் உளுந்தூர்பேட்டை என்றாலும் மலையிலேயே, பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டு மூங்கில் வேலி முழுக்க ஒரு கொடி. மழை ஓய்ந்து பனி இறங்கும்போது பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்து, வேலியையும் குளியலறைக் கூரையையும் மூடிவிடும். ஊரில் வழி சொல்வதே ‘பூ வேலி வூடு’ என்றுதான். சாலையை அகலப்படுத்த வந்த இயந்திரம் ஒரு புதரைச் சாய்ப்பதற்கு முந்தின நாள் அதிலிருந்து இந்தக் கொடியை வெட்டி வந்து வைத்தாராம். சாயங்காலம் அந்த வேலி ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டுதான் பிள்ளைகளின் நோட்டுத் திருத்துவார்.

“இத்தினி தப்புக் கணக்குக்கு நடுவுல நிமிந்து பாக்க ஒண்ணு வேணுமில்ல டீச்சர்” என்பார்.

நான் அந்த வேலியில் ஈரக் குடையை மாட்டிக்கொண்டிருந்தவள். ஒருநாள் செல்போனில் செடியின் பெயர் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கி, விளையாட்டாக அந்தக் கொடியின் முன் நீட்டினேன். கிளெமாட்டிஸ் வகை என்றது. வெளிநாட்டில் தோட்டம் போடுகிறவர்கள் இதன் சொந்தக்காரக் கொடிகளை எவ்வளவு பெருமையாக வளர்க்கிறார்கள் என்று படம் படமாகக் காட்டியது. அன்றைக்கே குடையை எடுத்துவிட்டேன். எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆகிவிட்டது.

கேட்டேன். தாராளமாக வெட்டிக் கொடுத்தார். செத்துப்போனது. மறுபடி கேட்டேன், மறுபடி கொடுத்தார், அதுவும் போனது. வீடியோ பார்த்துத் தேன் தடவினேன், கற்றாழைச் சோற்றில் முக்கினேன், பட்டைத் தூள் தூவினேன். இது நடுவதற்கா பாயசத்துக்கா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த வாரம் அவருக்குப் பாயசம் வைக்கவில்லை.

அடுத்த முறை கேட்டபோது கணக்கு டீச்சர் தயங்கினார். “தப்பா நெனைக்காதீங்க டீச்சர். கேட்டு வாங்குனா அது வராது. எனக்குத் தெரியாம எடுத்துக்கினு போய் வெக்கணும்.”

நான் சிரித்தேன். வேர் எப்படி விடுகிறது, எந்தச் சுரப்பு அதைத் தூண்டுகிறது என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். “தன்ன திருடிக்கினு வந்தாங்களா, கேட்டு வாங்கினாங்களான்னு தண்டுக்கு எப்படிங்க தெரியும்?”

“அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா வரும்” என்றார்.

ஒரு மழைக்கால சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று அவர் வீட்டுக்குப் போனேன். வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, “டீ போட்டுக்கினு வரேன். இன்னைக்கு அடுப்பு மெதுவாத்தான் எரியுது” என்று உள்ளே போய்விட்டார். போகும்போது கையிலிருந்த கத்தரிக்கோலை வேலிக்கடியில் ஒரு தட்டைக் கல்லின்மேல் மறதியாக வைத்துவிட்டுப் போனார்.

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். அவர்களுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கைக்கு எட்டிய கொடியை நறுக்கி இழுத்தேன். தட்டைக் கல் நகர்ந்து, கொடி மண்ணோடு வந்தது. சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தேன்.

டீயோடு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. பையைப் பார்க்கவில்லை. பைக்கு வெளியே ஓர் இலை நீட்டிக்கொண்டிருந்தது. மேகமே இல்லாமல் வெறிச்சென்று கிடந்த வானத்தைப் பார்த்து, “மழ வரும்போல கீது டீச்சர்” என்றார். “ஆமாங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாக வேர். பல வாரம் முன்பே கொடியை வளைத்து, மண்ணில் பதித்து, கல்லைப் பாரமாக வைத்துப் பதியம் போட்டிருக்கிறார். நான் திருடுவதற்காகவே. திருடினதற்கு நன்றி சொல்லக் கூடாது என்பதால் சொல்லவும் முடியவில்லை.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நட்டேன். பிடித்துக்கொண்டது. கொடி வளர்ந்த வேகத்தைவிட என் தலைக்கனம் வேகமாக வளர்ந்தது. வேருக்கு நிழல் வேண்டும், நுனிக்கு வெயில் வேண்டும் என்று ஆசிரியர் அறையில் யாரும் கேட்காமலே விளக்கினேன்.

கணக்கு டீச்சரின் கொடிக்கு வயதாகியிருந்தது. அடியெல்லாம் கட்டையாகி, இலை உச்சியில் மட்டும், பூவும் கம்மி. அடியோடு கவாத்து செய்தால் புதிதாகத் துளிர்க்கும் என்றேன்.

“வேணாங்க டீச்சர். இருக்கிற மாதிரி இருந்துட்டுப் போவட்டும்.”

நான் விடவில்லை. நானே போய் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். கவாத்தில் தப்பில்லை, தப்பு என் உற்சாகத்தில். சுற்றிலும் வேர் அறுபட அறுபடக் கொத்தி, ஒரு கூடை பச்சைச் சாணத்தைக் கொட்டி, போதாதென்று கை நிறைய யூரியாவும் போட்டேன். அதுவும் சித்திரை வெயிலில். அவர் தினமும் தண்ணீர் ஊற்றினார். ஆடி வரைக்கும் ஊற்றினார். ஒருநாள் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தோம். உள்ளே காய்ந்து பழுப்பாக இருந்தது.

“வுடுங்க டீச்சர், அதுக்கு வயசாயிடுச்சு” என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் அதே இடத்தில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்தினார். நிமிர்ந்து பார்க்க வெறும் மூங்கில். அந்தப் பக்கம் போவதையே நான் தவிர்த்தேன். அந்த வருடம் எனக்கு மலைக்குக் கீழே மாறுதல் கிடைத்தது, நிம்மதியாகக்கூட இருந்தது. போனில் பேசினால் சம்பளம், ஆன்லைன் பயிற்சி, முழங்கால் வலி எல்லாம் பேசுவேன், கொடியைத் தவிர. பனி இறங்கியதும் என் வீட்டுக் கொடி பூத்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். அவர் பார்ப்பாரே என்று உடனே அழித்தேன். வளர்ந்த கொடியில் ஒன்றைத் தொட்டியில் பதியம் போட்டு, மலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். கொன்ற கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று தொட்டியை மூலைக்கு மூலை நகர்த்தினேனே தவிர பஸ் ஏறவில்லை.

ஒருநாள் அவரே போன் செய்தார். “கள்ளக்குறிச்சிக்கு வந்துக்கினு இருக்கேன் டீச்சர். வூட்ல இருக்கீங்களா?”

கொடி அன்றைக்கென்று பூத்துக் குலுங்கியது. பீரோவிலிருந்து துவைத்து மடித்த போர்வைகளை எடுத்து, நனைத்து, கொடி முழுவதும் காயப்போட்டேன். அறிவியல் படித்த மூளைக்கு எட்டிய வழி அதுதான்.

வந்தவர் கால் கழுவப் பின்பக்கம் போனார். போர்வைக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்து, ஓரத்தைத் தூக்கினார். ஒரு பூவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“உங்க கொடிய நான்தான் டீச்சர் கொன்னுட்டேன்” என்றேன்.

“தெரியுங்க. பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்.”

மூலையிலிருந்த தொட்டியைத் தூக்கிவந்து நீட்டினேன். இரண்டு கையாலும் என் பக்கமே தள்ளினார். “வேணாங்க.”

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் என் கையால் ஒரு செடி வாங்க மனசு வரவில்லை. தொட்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்து, அதன் ஜிப்பைத் திறந்தார்.

“குடுத்தா வராது டீச்சர்” என்றார். “ஒரு டீ போட்டுக்கினு வாங்க. மெதுவா போடுங்க.”

தொட்டியை அங்கேயே வைத்துவிட்டு, ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து கல்லின்மேல் மறந்துவைத்துவிட்டு உள்ளே போனேன். எங்கள் கேஸ் அடுப்பு கொஞ்ச நேரத்தில் பொங்கவைத்துவிடும், தீயைக் குறைத்துவைத்தேன். இஞ்சியை இடித்து, திரும்பவும் இடித்தேன். ஜன்னல் வழியே கண் போய்விடக் கூடாது என்று சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லலாம், ஆனால் டீக்கு யாரும் வெங்காயம் நறுக்குவதில்லை.

டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தொட்டி காலியாகி, அவர் கை மண்ணாக இருந்தது. மடியிலிருந்த பை உப்பியிருந்தது, ஜிப்பில் ஓர் இலை மாட்டிக்கொண்டு வெளியே நீட்டியது. நான் தலையைத் தூக்கி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையும் அதற்கு மேலே இருந்த நீல வானத்தையும் பார்த்தேன்.

“மழ வரும்போல கீது டீச்சர்” என்றேன்.

“ஆமாங்க” என்று டீயை வாங்கிக்கொண்டார்.