சரளை மேட்டுக்கு நேரே

உச்சி வெயிலில் எங்கள் ஊர்ச் "சரளை மேடு" கண்ணைக் கூச வைக்கும். எந்தக் காலத்து வெள்ளமோ வைகையின் தென்கரையில் கொண்டுவந்து குவித்த வெள்ளைக் கூழாங்கல் மேடு அது. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வடகரையிலிருந்து வருகிறவர்கள் அந்த மேட்டுக்கு நேராகத்தான் வண்டியை விடுவார்கள். அங்கே அடிமண் கெட்டி. தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், மேட்டைப் பார்த்து வா என்பார்கள்.

அக்காவை வடகரையில் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது வழக்கம். அந்த வருடம் ஐப்பசித் தண்ணீர் வடியாததால் அழைத்துவரும் மாதம் தாண்டிப்போனது. தங்கச்சி எனக்கு எட்டு வயசிருக்கும். துணைக்கென்று மழைக்கு முன்பிருந்தே அக்கா வீட்டில் இருந்தேன். மதுரை மில்லில் வேலை பார்த்த அப்பா, தண்ணீர் முட்டளவுக்கு இறங்கிய சேதி கேட்டு நேராக அங்கேயே வந்துவிட்டார். சமீபத்தில் எங்கள் ஊர்க் கரையைப் பார்த்தவர் எங்களில் யாருமில்லை.

அக்கா புருஷன் வண்டி ஓட்டினார். பாதி ஆற்றில் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"மாமா, மேடு கிழக்கே தள்ளி நிக்கிற மாதிரி இருக்கே."

"தள்ளி நிக்க அதென்ன எருமையா மாப்ள? நேரே விடுங்க."

எனக்கும் என்னவோ போலிருந்தது. மேடு மறைத்திருக்க வேண்டிய எங்கள் வீட்டுக் கூரை வெட்டவெளியில் தெரிந்தது. யார் வீடோ என்று நினைத்தேன். கரைக்கு ஓடிவந்த அம்மா கையை ஆட்டினாள். மேற்கே போகச் சொல்லியிருக்கிறாள். வா வா என்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம்.

வண்டி பள்ளத்தில் இறங்கியது.

ரோடு போடுவதற்காக மேட்டை வெட்டிக் கிழக்கே குவித்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. குவியலுக்கு முன்னால் ஆற்றையும் தோண்டிச் சரளை எடுத்திருந்தார்கள். அந்தக் குவியலைப் பார்த்துத்தான் நாங்கள் வந்தோம்.

அக்கா புருஷன் மாடுகளை அவிழ்த்துவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா நெஞ்சளவுத் தண்ணீரில் அக்காவைத் தூக்கிப் போய்க் குவியலில் ஏற்றினார். அங்கேயே வலி கண்டது. ஊர்ப் பொம்பளைகள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஆண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பொறந்த வீடா, ரோட்டுக் கல்லா?" என்று அக்காவின் மாமியார் குத்திக் காட்டினாள். அம்மா விடவில்லை.

"எங்க மேட்டுக் கல்லு. எங்க ஊரு மண்ணுலதான் பெத்தா."

தீட்டுக் கழிவதற்குள் வண்டிகள் வந்து குவியலை அள்ளின. அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"அந்த எடத்தையுமா அள்ளுறாக?"

அதற்குப் பிறகு அப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் கரையில் நின்று, எது நேர் என்று கையை நீட்டி நீட்டிப் பார்ப்பார். அவருக்குப் பிடிபடவே இல்லை.

இன்றைக்கு அங்கே மேடும் இல்லை, வண்டித் தடமும் இல்லை. பள்ளமும் சீமைக்கருவேலும்தான். போன மாதம் அக்கா மகன் தன் பேரனோடு வந்திருந்தான். பேரனுக்குத் தான் பிறந்த இடத்தைக் காட்டச் சொன்னான். ஆற்றுப் பக்கம் கூட்டிப் போனேன். எங்கே கை நீட்டுவது என்று தெரியவில்லை. திரும்பி வந்து ரோட்டைக் காட்டினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் ஏறி நின்றான்.

"இதுல எங்கன சின்னம்மா?"

"எங்கனன்னு சொல்ல? நீளத்துக்கும் போட்டாகய்யா."

பஸ் வந்தது. ஒதுங்கி நின்றோம்.