பாகற்காய்க்கு இரண்டு பேர்

அஸ்கரி டீச்சர் பாகற்காய்க்கு விலையை அப்புறம்தான் கேட்பார். முதலில் அதன் பேரைக் கேட்டாக வேண்டும். மாரண்டஹள்ளிச் சந்தையில் கூறு கட்டி விற்கும் குள்ளம்மாளுக்கு இது பழகிப்போன தொல்லை.

"ஹாகலகாயி."

"அது?"

"ஹீரேகாயி. ஏன் டீச்சரம்மா, போன வாரமும் இதே பேருதானே சொன்னேன்? ஒரு வாரத்துல மாறிப் போயிருமா?"

பாகற்காய், ஹாகலகாயி. பீர்க்கங்காய், ஹீரேகாயி. டீச்சர் இரண்டையும் வாய்க்குள் ஒரு தரம் உருட்டிப் பார்ப்பார். கண்டக்டர் சில்லறையைச் சுண்டிப் பார்ப்பதைப் போல. முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியில் பேரம் பேச மறந்து, சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போவார். குள்ளம்மாளுக்கு இந்தத் தொல்லை கசக்காததன் காரணம் அதுதான்.

டீச்சர், தருமபுரியில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரின் மகள். அந்தத் தெருவிலேயே டீச்சர் ட்ரெயினிங் முடித்த முதல் பெண். வீட்டில் பேசுவது உருது. பாடம் நடத்துவது தமிழில். மலையோரத்து ஊரில் அவரிடம் படிக்க வரும் பிள்ளைகளின் வீடுகளிலோ கன்னடம். சேர்ந்த புதிதில் 'புலி' படத்தைத் தூக்கிக் காட்டினார். வகுப்பு மொத்தமும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையில் நஞ்சம்மாள் என்ற சிறுமி மட்டும், பொறுக்க முடியாமல், "ஹுலி!" என்று கத்தினாள்.

டீச்சர் 'ஹுலி' என்றே பலகையில் எழுதினார். 'ஹு'வைக் கையாலேயே அழித்துவிட்டு அங்கே 'பு' போட்டார். அவ்வளவுதான், வகுப்பு குதித்தது. ஹாலு பால் ஆனது. ஹல்லு பல் ஆனது. ஹத்து பத்து, ஹூவு பூ. வீட்டிலிருந்து மூட்டை மூட்டையாக 'ஹ' வந்து இறங்கியது. "நம்ம ப தான் அவங்க வூட்ல ஹ. தமிழ் இவங்களுக்குப் புதுசே இல்லீங்க, சட்டை மாத்திக்கிட்டு நிக்குது" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வினை வந்ததும் அதே வழியில்தான். டெபுடி இன்ஸ்பெக்டர் மாயவன் பள்ளியைப் பார்க்க வந்த அன்று, நஞ்சம்மாள் பலகையில் வரவேற்பு எழுதினாள்: 'எங்கள் பெட்மாஸ்டர் உங்களை வரவேற்கிறார்.'

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டருக்கோ முகம் செத்துப்போனது. "தமிழ்ப் பள்ளிக்கூடத்துல இனிமே கன்னடச் சத்தம் கேக்கக் கூடாதும்மா. கேட்டுச்சுன்னா வேற ஊருக்குப் போக வேண்டியிருக்கும்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு மாயவன் ஜீப்பில் ஏறிப் போனார். மறுநாளிலிருந்து வகுப்பு பழையபடி ஊமையானது.

இது நடந்து இரண்டே மாதத்தில் பாலக்கோட்டில் வட்டார ஆசிரியர் மாநாடு. 'மொழிப் பாடம் கற்பிக்கும் முறை' என்ற தலைப்பில் பேச அஸ்கரி டீச்சரின் பேர் போயிருந்தது. தலைமை, அதே மாயவன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கண்ணம்மாள் டீச்சர் வழியெல்லாம் ஓதினார்: "எதுக்கு டீச்சர் வம்பு? நாலு படத்தைக் காட்டிட்டு, வணக்கம் சொல்லிட்டு உக்காந்துருங்க."

நாலு படம் கையில் இருக்கத்தான் செய்தது. மேடையில் முதல் படமே புலி. தூக்கிக் காட்டினார். கூடத்தில் இருந்தவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். அவருக்கு நஞ்சம்மாளின் குரல் காதில் கேட்டிருக்க வேண்டும். படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பலகையில் 'ஹுலி' என்று எழுதினார். கண்ணம்மாள் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்துப் பால், பல், பூ, பாகற்காய் எல்லாம் வந்தன. 'பெட்மாஸ்டர்' கதையையும் ஒளிக்காமல் சொன்னார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மாயவன் கேட்டார்: "சரிம்மா, அந்தத் தப்புக்கு என்ன வழி?"

"தெரியலீங்க சார்" என்றார் டீச்சர்.

பின்வரிசையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. தளிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாரியப்பன் வாத்தியார் எழுந்து நின்றார். பனைமரம் மாதிரி உயரம். "என் பையனுங்க ஹோட்டலைப் போட்டல்னு எழுதினானுங்க டீச்சர். நானும் இதைத்தான் பண்றேன். கதவைச் சாத்திக்கிட்டுப் பண்றேன். உலகத்துல நான் ஒருத்தன்தான் இந்தத் திருட்டு வேலை பாக்கறேன்னு நெனைச்சிருந்தேன்!"

"அப்புறம் எப்படீங்க திருத்தினீங்க?" டீச்சர் மேடை விளிம்புக்கே வந்துவிட்டார்.

"ஒரே கேள்விங்க. உங்கம்மா அடுப்படியில பேசற வார்த்தையாடா? அப்படின்னா மாத்து. சட்டை போட்ட ஆளு ஆபீஸ்ல பேசற வார்த்தையா? தொடாதே."

"அடுப்படியில ஹனுமானையும்தான் கும்பிடறாங்க!" என்று ஒரு குரல்.

"சாமி பேரைத் தொட்டா வால்ல சுத்தி அடிக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்!"

மறுபடி சிரிப்பு. அதோடு அங்கொரு கை, இங்கொரு கை என்று உயர ஆரம்பித்தது. கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தியவர்கள் அத்தனை பேர்! "எங்க ஊர்ல தெலுங்குங்க, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று ஒருவர் முன்னுக்கு வந்தார்.

மாயவன் உயர்ந்திருந்த கைகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "ஏம்மா, ஹெட்மாஸ்டர் பெட்மாஸ்டர் ஆயிட்டாரு. என் பேரை என்ன பண்ணுவாங்க?"

"உங்க பேர்ல ஹ இல்லீங்க சார். தப்பிச்சீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பலரும் முதன்முதலாகப் பார்த்தார்கள். "நான் அன்னைக்குச் சொன்னதை விட்டுருங்க. நடத்துங்க. கதவைத் திறந்து வெச்சே நடத்துங்க" என்றார். பிறகு, "பாம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

"ஹாவு!" முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அப்போது பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. சாம்பார் வாசம் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பெஞ்சுகள் நகர்ந்தன, செருப்பைத் தேடிக் கால்கள் துழாவின. மாயவனும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பலகைப் பக்கம் திரும்பி நின்ற அஸ்கரி டீச்சருக்கு, தாம் எந்த ஊரில், யார் முன்னால் நிற்கிறோம் என்பதே மறந்து போயிருந்தது. திரும்பாமலேயே சாக்பீஸ் இல்லாத கையை உயர்த்தி இரண்டு தரம் சொடக்குப் போட்டார்.

"உக்காரு, உக்காரு! யாரு எந்திரிக்கச் சொன்னது?"

பாதி எழுந்திருந்த டெபுடி இன்ஸ்பெக்டர்தான் முதலில் உட்கார்ந்தார்.