பதினான்கு பெஞ்சுக்கு நான்கு விரல்

கவிழ்த்துப் போட்ட பெஞ்சின் காலை லியோனிலாவின் இடது கை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை உளியைக் கொட்டாப்புளியால் தட்டிப் பாதிக் கனத்தை வெட்டி எடுக்கிறது. வெட்டிய இடத்தில், கால் நீளும்படி, சதுப்பில் வளரும் கண்டல் மரத்துண்டைப் பொருத்தி மர ஆணியை இறக்குகிறது. இரும்பு ஆணி இந்த உப்புத் தண்ணீரில் ஒரு வருஷம் தாங்காது.

பதினோரு பெஞ்சு முடிந்தது, இன்னும் மூன்று. நண்பகலில் கடல் பொங்கிப் பௌர்ணமி ஓதம் உச்சத்துக்கு வரும். கல்வி அதிகாரியின் படகும் அப்போதுதான் வரும். பிள்ளைகள் கால் நனைய உட்கார்ந்திருந்தால் இந்தப் பள்ளியை மூடி, அக்கரையில் மேட்டுப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பள்ளி போனால் குடும்பங்களும் பின்னாலேயே போய்விடும்.

லியோனிலா உடைந்த படகுகளைப் பிரித்துப் பார்த்துத் தானாகவே தச்சு வேலை கற்றவள். பொஹோல் என்னும் பெரிய தீவுக்கு எதிரே இருக்கும் இந்தச் சின்னத் தீவு நிலநடுக்கத்தில் தாழ்ந்தது. கடலோ வருஷாவருஷம் ஏறுகிறது. பவளக்கல் அடுக்கி வீட்டுத் தரையை ஐந்து முறை உயர்த்திவிட்டாள். மேட்டில் அரசு கொடுத்த வீட்டில் பதினோரு நாள் இருந்தாள். வலை உலர்த்த இடமில்லை என்று திரும்பிவிட்டாள்.

பெஞ்சுகளைப் போன வாரமே முடித்திருந்தாள். அளவில்தான் தவறிவிட்டது. இங்கே தண்ணீரைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் முழங்கால் அளவு வரும் என்றாள் ரொசெல்டா டீச்சர். லியோனிலா தன் முழங்காலுக்கு அளந்து கால்மிதிச் சட்டத்தை வைத்தாள். நேற்றைய ஓதத்தில் அந்தச் சட்டம் இரண்டு விரல் ஆழம் மூழ்கியது. இன்று இன்னும் ஒரு விரல் ஏறும் என்று எல்லாக் கால்களுக்கும் நான்கு விரல் ஒட்டுப் போடுகிறாள்.

"கொக்கு மாதிரி வளர்ந்துட்டு முழங்கால்னா எப்படி டீச்சர்? யார் முழங்கால்னு சொல்ல வேண்டாமா?"

"நண்டு உயரம் இருந்துட்டு என்னைக் குத்தம் சொல்றீங்களாக்கா? கையை ஓட்டுங்க, படகு தெரியுது!"

அதிகாரி வந்தபோது பதிமூன்று பெஞ்சு வகுப்பில் நின்றன. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றபடி ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தார். வாசலில் லியோனிலா கடைசி ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மேட்டுல காய்ஞ்ச தரை இருக்கும்மா. ஏன் இந்தப் பிடிவாதம்? அடுத்த வருஷம் இன்னும் ஏறுமே!"

"ஏறட்டும் சார். நானும் ஏத்துவேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அதை ஆலையும் காருமா ஓட்டிக் கடலை ஏத்திவிட்டவங்ககிட்டக் கேளுங்க. நாங்க விறகடுப்பும் துடுப்புமா இருக்கிற ஆளுங்க. அந்த முனையைப் பிடிங்க, கனமா இருக்கும்."

அவர் பிடித்தார். இருவரும் தண்ணீருக்குள் நடந்து கடைசி வரிசையில் பெஞ்சை இறக்கினார்கள். சட்டம் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நின்றது. அதற்கு மேல் அன்று ஓதம் ஏறவில்லை.

"ஒரு கால்கூட நனையலை. எழுதிக்கோங்க சார்."

அவர் பேனாவை எடுத்து அப்படியே எழுதினார்.

லியோனிலா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ரொசெல்டாவைக் கூப்பிட்டாள்.

"பதினாலும் ஆச்சு டீச்சர். அசைச்சுப் பார்த்து வாங்கிக்கோங்க."