வெறுவயிற்றுக் குளிசை

கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் வைக்க, கந்தசஷ்டியின் கடைசி நாளே தோது என்று அடித்துச் சொன்னவள் தாட்சாயினி. நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் வேலை. ஊர்க்காரியம் என்றால் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்பவள். சூரன்போர் பார்க்க ஆற்றுக்கு அப்பால் லொங்குய்ய் ஆட்களும் வருவார்களே என்று கணக்குப் போட்டாள். சனம் வந்ததுதான். வந்தவர்கள் நேரே சாமியிடம் போய்விட்டார்கள். விரத நாளில் கோயிலுக்குள் இரத்தம் எடுப்பது சரியில்லை என்று கோயில் சபைத் தலைவர் தியாகராசா கடிந்ததில், இரத்தத்தில் சீனி பார்க்கும் மேசை செருப்பு வைக்கும் இடத்துக்குப் போயிற்று. அங்கே தாதி றொஷினி ஈயோட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால், பேந்து வாறம் என்றார்கள். தாட்சாயினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவர் இரவிச்சந்திரன் அப்படியே நிலத்தில் குந்தினார். சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. றொஷினி ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தாள். சீனி மோசமாக இறங்கியிருந்தது. தோடம்பழச் சாற்றை நீட்டினாள். ஆறு நாள் விரதக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் சீனி வருத்தக் குளிசை போட்டவரா என்று றொஷினி கேட்டாள். தாட்சாயினிக்கு உயிரே போய்விட்டது. தினமும் போல இன்றும் அதைக் கையில் கொடுத்தவள் அவள்தான். மருந்து விரதத்தை முறிக்காது என்று வேறு சொல்லியிருந்தாள். சாப்பிடாமல் போட்டால் அந்தக் குளிசையே ஆளை விழுத்தும் என்பது, முகாம் அவசரத்தில் அவளுக்கு ஓடவேயில்லை.

அவருக்குக் கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் விழுங்கவும் ஏலாது என்று றொஷினி தாழ்ந்த குரலில் சொன்னாள். தாட்சாயினி அவர் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

“இஞ்சருங்கோ, முருகனோட நான் கதைக்கிறன். நீங்கள் குடியுங்கோ.”

அவர் வாயைத் திறந்தார். மிடறு மிடறாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்று, கதிரை அடுக்கி முடியேல்லை என்று முணுமுணுத்தார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மண்டபம் நிறைய நரைத்த தலைகள், அத்தனை பேரும் விரதம். அர்ச்சனைக்குப் பெயர் கூப்பிடும் மைக்கை எடுத்தாள்.

“என்ர மனுசனுக்கு இண்டைக்குக் குளிசை குடுத்து விழுத்தினது நான்தான். சாப்பிடாமல் சீனிக் குளிசை போட்ட ஆக்கள் வேறை ஆரும் இருக்கிறியளோ?”

பெண்கள் மெல்லப் புருசன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து தியாகராசா எழுந்து, ஒருவர் முகத்தையும் பாராமல், செருப்புகளைத் தாண்டி மேசைக்கு வந்தார்.

அவர் நீட்டிய விரலும் நடுங்கிக்கொண்டிருந்தது.